வெளியெல்லாம் பொதுவெளி ஆகுமா?

மலையகத்தில் இடப் பஞ்சம் என்று எழுதினால் சமவெளி அன்பர்கள் நகைக்கக்கூடும். நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு இறங்கி வரும் ரயிலில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு மலையகம் என்பதே வெளிதானே! சரிவெங்கும் தேயிலை; அதற்கு மேலே காடு; அதற்கும் மேலே வானம். ஆனால், அந்த வெளியில் ஒரு முழ நிலத்தின் மீதேனும் நின்று, "இங்கே நிற்பதற்கு நான் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை" என்று சொல்லத்தக்க தோட்டத் தொழிலாளி எத்தனை பேர்? வெளி வேறு, பொதுவெளி வேறு. இந்த வேற்றுமையை நம் சபைகளும் தலைவர்களும் மக்களும் உணர்ந்தாக வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதைச் சொல்லவே இவ்வாரம் இதனை எழுதுகிறோம்.

நிலைமையைச் சுருங்கச் சொல்வோம். நுவரெலியாவில் வெளி நிறைய உண்டு. அதில் பொதுவானது குறைவு. ஹட்டனில் மக்கள் திரள் நிறைய உண்டு. அவர்கள் கூடுவதற்கு வெளி இல்லை. தோட்டங்களில் மக்களும் உண்டு, வெளியும் உண்டு. உரிமை மட்டும் இல்லை. மூன்றும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும் மூலம் ஒன்றே. மலையகத்தின் நிலம் வகுக்கப்பட்டபோது, அந்த நிலத்தில் உழைத்தவன் குடிமகனாக எண்ணப்படவில்லை. கூலிக்கு வேலைத்தலம் வேண்டும், படுக்க லயம் வேண்டும். கூடிப் பேச இடம் எதற்கு என்பதே அன்றைய கணக்கு.

நுவரெலியாவைப் பாருங்கள். 1873 ஆம் ஆண்டு, ஆளுநர் சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், சதுப்பு நிலமாகக் கிடந்த பள்ளம் ஏரியாயிற்று. 1875 இல் குதிரைப் பந்தயத் திடல். 1876 இல் ஹில் கிளப். 1889 இல் கோல்ப் கழகம். 1897 இல் விக்டோரியா அரசியின் ஆட்சி வைரவிழா நினைவாக 27 ஏக்கரில் பூங்கா. கால் நூற்றாண்டுக்குள் ஒரு நகரத்தின் நடுவே இவ்வளவு திறந்த நிலத்தை ஒதுக்கி வைத்தவர்களுக்கு நகரமைப்புத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. நன்றாகவே தெரிந்திருந்தது. மனிதன் உலாவ வேண்டும், விளையாட வேண்டும், நீர்க்கரையில் அமர்ந்து மூச்சு விட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் 'மனிதன்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதில்தான் அவர்களுடைய அறிவு குறுகி நின்றது. அதே ஆண்டுகளில், அதே மலையின் அடுத்த சரிவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பத்தை அடைத்துவிட்டு, அதற்கு எதிரே வடிகானை மட்டும் வெட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளையர் போனார்கள். ஏரி இருக்கிறது; பூங்கா இருக்கிறது; கோல்ப் திடலும் பந்தயத் திடலும் இருக்கின்றன. இவை இருப்பது நல்லதே. கட்டியவன் யார் என்பதற்காக மரத்தை வெட்ட வேண்டும் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். குளிர்காலத்தில் விக்டோரியா பூங்காவுக்கு ஆறுமணிக்குருவி வருகிறது; இமயச்சாரலிலிருந்து காஷ்மீர் ஈப்பிடிப்பான் வருகிறது. கடல் கடந்து வரும் அந்தச் சிறு பறவைக்கு அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. இரண்டு மலைக்கு அப்பாலிருந்து பிள்ளைகளோடு வரும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு உண்டு! பூங்காவுக்குக் கட்டணம், ஏரிக்கரையிலே வேலியடைத்த பகுதிக்குக் கட்டணம். ஏப்ரல் மாதத்து வசந்த காலக் கொண்டாட்டத்தில் நகரம் முழுவதுமே தலைநகரிலிருந்து வருவோருக்காக அலங்கரிக்கப்படுகிறது. பஸ் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் தின்பண்டமும் சேர்ந்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒருநாள் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே அவர்கள் வேலிக்கு வெளியே நின்று ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குப் பெயர் பொதுவெளியா?

இனி ஹட்டனுக்கு வருவோம். 1884 இல் ரயில் பாதை வந்தடைந்த பிறகு வளர்ந்த நகரம் இது. துரைமாருக்குச் சாமான் இறக்கவும் தேயிலையை ஏற்றவும் ஏற்பட்ட கடைத்தெருவே நகரமாயிற்று. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை எல்லாவற்றுக்கும் இதுவே சந்தை. சம்பள நாள் ஆயினும் தீபாவளி ஆயினும் மக்கள் வந்து குவிவது இங்கேதான். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் இதே நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். இத்தனை பேரின் கால்பட்டும் தேயாத நகரத்தில் ஒருவர் உட்காருவதற்கு இடம் எங்கே? மழைக்கு ஒதுங்க வேண்டுமானால் கடைத்திண்ணை. அதுவும் கடைக்காரர் முகம் சுளிக்கும் வரைக்கும். டன்பார் மைதானம் ஒன்று உண்டு. சுற்றுப்புறத்து விளையாட்டுக்கெல்லாம் அந்த ஒரு திடலையே நம்பியிருக்க வேண்டிய நிலை. குழந்தைக்குப் பாலூட்டவோ, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ் வரும்வரை காத்திருக்கவோ ஒரு பெண் நாடக்கூடிய மரநிழல் கடைத்தெருவிலே இல்லை. தேயிலைத் தொழிலின் பெருஞ்சுமையைத் தோளில் தாங்குபவர்கள் பெண்கள். அவர்கள் வந்து போகும் நகரத்தில் அவர்களுக்கென ஓர் இருக்கை இல்லை என்பது நகரத்துக்கே இழுக்கல்லவா?

தோட்டங்களில் நிலைமை இன்னும் வேறு. அங்கே மக்கள் தாமாகவே பொதுவெளிகளை உண்டாக்கிக் கொண்டார்கள். விடியுமுன் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கோயில் முற்றம், மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழும் காமன் பொட்டல். இவற்றுள் பெரட்டுக்களம் துரைத்தனத்தின் அதிகாரத்துக்காக ஏற்பட்டது. மற்றவை மக்களின் தேவையால் ஏற்பட்டவை. காமன் பொட்டலில் நின்றுதான் தோட்டத்துப் பிள்ளை முதன்முதலில் கலையைக் கண்டான். ரதியின் ஒப்பாரியில் தன் தாயின் துயரைக் கேட்டான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்தப் பொட்டலே பள்ளியாகவும் அரங்கமாகவும் நின்றது. பல தோட்டங்களில் உள்ள மைதானங்கள், வேலை முடிந்த பிறகு மக்களே மண்வெட்டி பிடித்துச் சமன் செய்தவை. ஆயினும், அந்தப் பொட்டலுக்கும் மைதானத்துக்கும் உறுதி உண்டா? வரைபடம் உண்டா? எந்தச் சபையின் ஏட்டிலாவது பதிவு உண்டா? நாளைக்கு அங்கே கன்று நடுவதென்றோ கட்டடம் எழுப்புவதென்றோ நிருவாகம் முடிவு செய்தால், மக்கள் காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? நினைவு ஒன்றுதான் இருக்கிறது. நினைவு நீதிமன்றத்தில் செல்லாது.

கூடும் இடத்துக்கும் உரிமைக்கும் உள்ள உறவு நம் மக்களுக்குப் புதிதன்று. தோட்டம் தனியார் நிலம். அழைப்பின்றி நுழைபவன் அத்துமீறியவன் என்பது அந்நாளைய நியதி. அதனால்தான் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1931 இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது தலைமையிடமாக ஹட்டனைத் தெரிந்துகொண்டதும் காரணமின்றியன்று. தோட்டத்துக்குள் துரையின் சொல் சட்டம். நகரத்துக்குள் நாட்டின் சட்டம். அதே போல, 1937 ஏப்ரல் 3 ஆம் நாள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தோட்டத்தில் தொழில் பழகிய இளைஞர் பிரேஸ்கேடில், தொழிலாளருக்காக வாய்திறந்து பேசியது நாவலப்பிட்டி நகரத்துக் கூட்டத்திலேயாகும். ஏறத்தாழ 2,000 தொழிலாளர் கூடினர் என்பர். அந்தப் பேச்சுக்குப் பின் ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதென்றது. ஒரு பேச்சு சரித்திரமாவதற்கு முதலில் வேண்டியது, கேட்பவர்கள் அச்சமின்றிக் கூடி நிற்க ஓரிடம். அந்த இடம் தோட்டத்துக்குள் கிடைத்திருக்குமா?

இப்போது காலம் மாறிவிட்டதென்று சிலர் சொல்லலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். 2018 அக்டோபர் 24 ஆம் நாள், தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று கோரி ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து திரண்டார்களே, எங்கே திரண்டார்கள்? கொழும்பு காலிமுகத்திடலில்! தலைநகரின் காதில் விழ வேண்டும் என்பது ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், நாட்டின் கண் தன்மீது படுமாறு பத்தாயிரம் பேர் நிற்கத்தக்க ஒரு திடல் மலையகத்துக்கு என்று உண்டா என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. 2017 மே 12 ஆம் நாள் இந்தியப் பிரதமர் வந்தபோது தோட்ட மக்கள் திரண்டது நோர்வூட் மைதானத்தில். விருந்தினர் வருகைக்கு மைதானம் கிடைக்கிறது; நம் குறையைச் சொல்ல நாமே கூடும்போது மட்டும் தெருவோரம் நிற்க வேண்டுமா?

காலிமுகத்திடலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. 1859 இல் அந்த உலாவீதியை முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பு நகரத்துப் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அதனைப் பேணும்படி தமக்குப் பின்வரும் ஆட்சியாளர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். ஆனால் கல் மட்டும் அந்தத் திடலைக் காப்பாற்றிவிடவில்லை. நம் காலத்திலேயே அதனைத் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் ஒப்படைத்துக் கேளிக்கை நிலையமாக்க உடன்படிக்கை செய்யப்பட்டது. சுற்றாடல் பாதுகாப்பு அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்றது. அந்தத் திடல் பொதுமக்களின் பயனுக்காகப் பேணப்பட வேண்டியது, அவ்வாறு ஒப்படைக்க நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு அதிகாரமில்லை, உடன்படிக்கை செல்லாது என 2005 இல் தீர்ப்பாயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று: பொதுவெளி என்பது ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைக்கும் சொத்தன்று, கண் அயர்ந்தால் கைமாறிப்போகும். தலைநகரின் நடுவே, நாடெங்கும் அறிந்த திடலுக்கே அந்த ஆபத்து வந்ததென்றால், பெயரே பதியப்படாத தோட்டத்து மைதானத்தின் கதி என்ன?

தமிழனுக்குப் பொதுவெளி புதிய கருத்தென்று எவரும் எண்ண வேண்டா. ஊருக்கு நடுவே மன்றமும் பொதியிலும் அமைத்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். புகார் நகரத்தைச் சொல்ல வந்த சிலப்பதிகாரம், இந்திர விழவூரெடுத்த காதையில் அந்நகரத்தின் ஐவகை மன்றங்களை எடுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று பாவை மன்றம். அரசனின் செங்கோல் கோணினால், நீதி ஒருபக்கம் சாய்ந்தால், அங்கே நிற்கும் பாவை வாய் பேசாமல் கண்ணீர் வடிக்குமாம். ஆட்சியின் பிழையை உலகறியச் செய்வதற்கென்றே நகரத்தில் ஓர் இடம் இருந்தது என்பது எத்துணை உயர்ந்த கற்பனை! கோயிலும் கடைவீதியும் மட்டும் நகரமாகிவிடா. மன்றமும் வேண்டும் என்பது இளங்கோவின் காலத்துத் தெளிவு. அந்தத் தெளிவைக் கொண்ட இனத்தார் 1823 தொடங்கி இந்த மலைகளில் உழைத்து, இருநூறு ஆண்டு நிறைந்த 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து தம் முன்னோரை நினைவுகூர்ந்தனர். நடப்பதற்குப் பாதை கிடைத்தது. நிற்பதற்கு மன்றம் எங்கே?

இதனை ஏன் இப்போது எழுதுகிறோம்? மலையகத்தின் நிலம் மீண்டும் வகுக்கப்படுகின்ற காலம் இது. லயங்களை ஒழித்துத் தனி வீடுகள் கட்டும் திட்டம் நடக்கிறது. இந்திய உதவியோடும் அரசாங்கப் பணத்தோடும் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. வீட்டுக்கு 7 பேர்ச் என்றார்கள். பின்னர் 10 பேர்ச் என்றார்கள். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், வீடுகளை வரிசையாக நிறுத்திவிட்டால் அது கிராமமாகிவிடுமா? பிள்ளை விளையாட இடமில்லாமல், முதியவர் உட்காரத் திண்ணையில்லாமல், சாவுக்கும் கல்யாணத்துக்கும் பந்தல் போட நிலமில்லாமல் கட்டப்படும் குடியிருப்பு, லயத்தின் நீளத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தது போலாகும். சுவர் தனியாகும், வாழ்வு பழையபடியே இருக்கும்.

நகரங்களுக்கு இதற்கென விதி இருக்கிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது, தெருக்கள் நீங்கலாக, பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பொதுப் பயனுக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்க வேண்டுமென்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு விதிகள் வகுத்த நியதி. கொழும்புப் புறநகரில் மனை வாங்குகிறவனுக்குள்ள அந்த நியாயம் தோட்டத்தில் வீடு பெறுகிறவனுக்கு ஏன் கூடாது? கணக்குப் பார்ப்போம். நூறு குடும்பத்துக்கு, வீட்டுக்கு 7 பேர்ச் வீதம் 700 பேர்ச். அதாவது நாலே கால் ஏக்கருக்குச் சற்று மேல். அதனோடு ஏறத்தாழ அரை ஏக்கர், 80 பேர்ச், சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும். அந்த அரை ஏக்கரில் வலைப்பந்தாட்டத்துக்கு ஓர் ஆடுகளம் அமையும். அதற்கப்பால் நாலு மரமும் ஒரு திண்ணையும் ஒரு சிறு மண்டபமும் அமையும். நூறு குடும்பத்தின் நூறு ஆண்டு வாழ்வுக்கு அரை ஏக்கர் பெரிதா?

இதற்கு எழும் மறுப்புகளை நாம் அறிவோம். முதலாவது, வீடில்லாதவனுக்கு மைதானம் எதற்கென்பது. வீடு முதலில் என்பதில் நமக்கு வேற்றுமையில்லை. ஆனால் வீட்டைப் பத்தாண்டு கழித்தும் பெருக்கிக் கட்டலாம். வீடுகளுக்கு நடுவே விட்டிருக்க வேண்டிய வெளியைப் பத்தாண்டு கழித்து எங்கிருந்து கொண்டு வருவது? எவனுடைய வீட்டை இடிப்பது? வெளியை முதல்நாளே ஒதுக்க வேண்டும். அதற்குக் கல்லும் வேண்டா, சீமெந்தும் வேண்டா. வரைபடத்தில் ஒரு கோடு போதும்.

இரண்டாவது, நிலம் கம்பனியுடையது என்பது. இது உண்மையன்று. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992 இல் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, பின்னர் நீண்ட காலக் குத்தகை கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரர் வேறு, உடையவர் வேறு. உடையவர் அரசு, அரசின் உடைமை மக்களின் உடைமை. மக்கள் கால்மிதித்துத் தேய்த்த மைதானத்தைக் குத்தகையிலிருந்து விடுவித்துத் தருவதற்கு அரசுக்கு மனம் வேண்டுமேயன்றி வேறெதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, சபைகளிடம் பணமில்லை. ஆகவே கட்டணம் வாங்குகிறோம் என்பது. பூங்காவைப் பேணப் பணம் வேண்டும் என்பது சரியே. வெளிநாட்டுப் பயணிகளிடமும் படகு விடுவோரிடமும் விடுதிக்காரரிடமும் வாங்கட்டும். நுவரெலியாவின் அழகை விற்றுப் பொருளீட்டுவோர் அந்த அழகின் செலவில் பங்கேற்பது முறை. அந்த மாவட்டத்தின் பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் முதியோரும் வாரத்தில் ஒரு நாளேனும் கட்டணமின்றி நுழையக் கதவு திறக்கட்டும். பிரதேச சபைகளைப் பொறுத்தவரை, தோட்டங்களுக்குள் பணம் செலவிடச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையென்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரு சபைகள் ஆறாகப் பிரிந்து, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை தனிச் சபைகளாயின. தடையும் நீங்கியது, சபையும் அருகில் வந்தது. இனிச் சாக்கு எது?

நான்காவது மறுப்பு நம் வீட்டுக்குள்ளேயே எழுவது. "மைதானம் இருந்தால் இளைஞர் கூடிக் குடித்துக் கெடுவர்" என்று பெரியவர் சிலர் சொல்கின்றனர். குடி வளர்வது மறைவிலும் இருளிலும். விளக்கெரியும் திடலில், பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில், போத்தலோடு உட்கார எவனுக்கும் கூச்சம் வரும். இளைஞனுக்குப் பந்தும் புத்தகமும் கிடைக்கும் இடத்தை மறுத்துவிட்டு, அவன் சாராயக் கடைக்குப் போனான் என்று குறை கூறுவது நியாயமா?

நம்மவர் கைகளும் சுத்தமாக இருக்க வேண்டும். இருக்கும் திடலைச் சுற்றிக் கடை கட்டி வாடகைக்கு விடுவது. கோயில் முற்றத்தை மதிலடைத்துப் பூட்டுவது. மைதானத்தின் மூலையில் தன் சங்கத்துக்குக் காரியாலயம் எழுப்புவது. அடிக்கல் நாட்டித் தன் பெயரைப் பொறித்துவிட்டு அதன்பின் அந்தப் பக்கமே திரும்பாதிருப்பது: இவை எந்தக் கட்சிக்கும் தனியுரிமையானவை அல்ல. பொது நிலத்தைத் துரை விழுங்கினால் கொடுமை, தலைவர் விழுங்கினால் சேவை என்ற நீதியை நாம் ஏற்கமாட்டோம்.

மலைநாட்டில் பொதுவெளி அமைப்பதற்கு மலைநாட்டு அறிவு வேண்டும். கொழும்பில் வரைந்த படத்தை இங்கே ஒட்ட முடியாது. தட்டையான திடல் வேண்டுமென்று சரிவை இயந்திரத்தால் வெட்டினால், மேலேயுள்ள மண் ஒருநாள் கீழே வரும். 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டை எவரும் மறக்க முடியாது. ஆகவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்து, பாதுகாப்பான இயற்கைத் தட்டு நிலங்களைத் தெரிந்து அவற்றையே பொதுவெளியாக்க வேண்டும். சரிவு இருக்குமிடத்தில் அதனை வெட்டாமல், படி படியாகக் கல் பதித்தால் கூத்துப் பார்க்கும் இருக்கையாகிவிடும். ஓடைக்கரையை அடைக்காமல் புல்வெளியாக விட்டால், மழை நாளில் வெள்ளம் பரவி நிற்கும். வெயில் நாளில் பிள்ளைகள் ஆடுவர். நீர் வழிந்தோட வடிகான், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, காலைவெயில் விழும் பக்கத்தில் இருக்கைகள், ஒரு குழாய், பெண்களுக்குப் பாதுகாப்பான கழிப்பிடம், இரவில் விளக்கு: இவை ஆடம்பரமல்ல. இவையில்லாத திடலில் ஆண்கள் மட்டுமே நிற்பர். பாதி மக்கள் வரமாட்டார்கள்.

அத்தகைய வெளி ஆபத்துக் காலத்தில் உயிர் காக்கும் என்பதையும் நினைவிலிருத்த வேண்டும். நள்ளிரவில் மலை உறுமும்போது, "எல்லோரும் இங்கே வந்து சேருங்கள்" என்று சொல்வதற்கு ஊரறிந்த, பாதுகாப்பான ஓரிடம் வேண்டும். உதவி இறங்குவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் தலை எண்ணிப் பார்ப்பதற்கும் அதுவே இடம். அன்றாடம் விளையாடிய திடலின் வழி, இருளிலும் பிள்ளையின் காலுக்குத் தெரியும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, மலையகத்து நகர சபைகளும் பிரதேச சபைகளும் தத்தம் எல்லையிலுள்ள மைதானம், பொட்டல், பீலிக்கரை, மயானம் அனைத்தையும் அளந்து, வரைபடமிட்டு, பொது ஏட்டில் பதிந்து, அந்த ஏட்டை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். இரண்டாவது, அவ்வாறு பதிந்த நிலத்தை மக்கள் கூட்டத்தின் கருத்தைக் கேளாமல் குத்தகைக்கு விடவோ கட்டடம் எழுப்பவோ கூடாதெனத் தீர்மானம் நிறைவேற்றட்டும். மூன்றாவது, தோட்டத்து மைதானங்களைக் குத்தகையிலிருந்து விடுவித்துப் பிரதேச சபைகளுக்கு உரித்தாக்க அரசு முன்வரட்டும். நான்காவது, இனி எழும் எந்தக் குடியிருப்பிலும் பத்தில் ஒரு பங்கு பொதுவெளியாகட்டும். ஐந்தாவது, ஹட்டன்–டிக்கோயா நகர சபை, கடைத்தெருவுக்கு எட்டும் தூரத்தில் உட்காரவும் கூடவும் தக்க ஒரு சதுக்கத்தைத் தன் முதல் வேலையாகக் கொள்ளட்டும். ஆறாவது, காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் கரைகளில் மக்கள் நடக்கும் பாதை இப்போதே ஒதுக்கப்படட்டும். பழைய மஸ்கெலியா நகரத்தை நீருக்குக் கொடுத்தவர்கள் நம் மக்கள். தலவாக்கலையில் வீடு வாசல் பெயர்ந்தவர்களும் அவர்களே. அந்த நீரின் கரையில் நடக்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்றால் அது எந்த ஊர் நியாயம்?

மக்களுக்கும் ஒரு சொல். சபை வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டா. உங்கள் தோட்டத்து மைதானம் எது, அதன் எல்லை எங்கே, எந்த ஆண்டிலிருந்து அங்கே விளையாடுகிறீர்கள், காமன் எங்கே ஊன்றப்படுகிறான் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மாதர் சங்கமும் வாலிபர் கழகமும் ஆசிரியர்களும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எழுதியதை உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுங்கள்; படியொன்றை உங்களிடமே வைத்துக் கொள்ளுங்கள். தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் பந்தும் மட்டையும் கேளாதீர்கள். அவற்றைக் கொண்டு ஆடும் நிலத்தின் உறுதியைக் கேளுங்கள்.

வாக்குரிமை பறிக்கப்பட்ட காலத்தில் நம் மக்கள் அதனை மீட்டார்கள். குடியுரிமை மறுக்கப்பட்ட காலத்தில் அதனையும் மீட்டார்கள். இரண்டும் ஏட்டில் எழுதிய உரிமைகள். அந்த உரிமைகளோடு தலைநிமிர்ந்து நிற்க மண்ணில் ஓரிடம் வேண்டும். நுவரெலியாவின் கதவு திறக்கட்டும். ஹட்டனுக்கு மன்றம் பிறக்கட்டும். தோட்டத்துப் பொட்டலுக்கு உறுதி கிடைக்கட்டும்.